ஆன்டெனாக்கள் கூடக் கூட ஆற்றல் திறனும் கூடிக்கொண்டே போகுமா?

கேள்வி – ஆய்வு மாணவி, கிண்டி

வணக்கம். பல ஆன்டெனாக்கள் கொண்ட பேஸ் ஸ்டேஷனிலிருந்து (செல்பேசிக் கோபுர நிலையம்) குறைந்த மின்சாரத்தில் சிக்னல் அனுப்புவது குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். ஒரு ஜூல் ஆற்றலுக்கு எத்தனை பிட் சென்று சேர்கிறது என்பதை அளவுகோலாகக் கொண்டு, 16 ஆன்டெனாவில் தொடங்கி 512 வரை கணக்கிட்டேன். கோடு எங்கும் வளையாமல் ஏறிக்கொண்டே போகிறது. படத்தைப் பார்த்த என் நெறியாளர், "இது உண்மையானால் ஊரிலுள்ள எல்லாக் கோபுரங்களிலும் ஆயிரம் ஆன்டெனா இருந்திருக்குமே" என்றார். நிரலில் பிழை எதுவும் தென்படவில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில் – ரேடியோ வன்பொருள் பொறியாளர், தரமணி

நிரலில் பிழை இருக்காது. பிட்டை ஜூலால் வகுக்கும் அந்தப் பின்னத்தின் கீழே எதை வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். காற்றில் செல்லும் சிக்னலின் மின்திறனை மட்டும் வைத்திருந்தால் கோடு இப்படித்தான் ஏறும். ஆனால் ஒவ்வொரு ஆன்டெனாவுக்குப் பின்னாலும் டிஜிட்டல்–அனலாக் மாற்றி, மிக்சர், ஃபில்டர் என ஒரு சுற்றுத்தொடர் இருக்கிறது. அனுப்பத் தகவல் இல்லாதபோதும் அது மின்சாரம் இழுக்கும்.

எடுத்துக்காட்டாக, தொடர் ஒன்றுக்கு 1 வாட் என்றும், சிக்னலைப் பெருக்கும் பவர் ஆம்ப்ளிஃபையர் தான் இழுக்கும் மின்சாரத்தில் 25 சதவீதத்தையே சிக்னலாக மாற்றும் என்றும் வைத்துக்கொள்வோம். 64 ஆன்டெனாவை 256 ஆக்கும்போது, கோட்பாடு தரும் மிகத் தாராளமான சலுகையின்படி (ஆன்டெனா நான்கு மடங்கானால் மின்திறன் நான்கில் ஒன்று), அனுப்பும் மின்திறன் 20 வாட்டிலிருந்து 5 வாட்டாக இறங்குகிறது. ஆம்ப்ளிஃபையர் இழுப்பது 80 வாட்டிலிருந்து 20 ஆகிறது, அதாவது 60 வாட் மிச்சம். சுற்றுகளுக்கோ 192 வாட் கூடுதலாகத் தேவைப்படுகிறது. சோதனை மேசையில் தகவல் எதுவும் ஓடாத நேரத்தில்கூட ரேடியோ பெட்டியின் வெப்பத் தகடுகளில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு இருப்பதை நாள்தோறும் பார்க்கிறேன்.

பதில் – பேராசிரியர், அடையாறு

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நோ, லார்சன், மார்செட்டா ஆகிய ஆய்வாளர்களின் 2013ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி, பேஸ் ஸ்டேஷன் சேனலை (சிக்னல் வரும் வழியின் தன்மையை) துல்லியமாக அறிந்திருந்தால் பயனரின் கருவி தன் அனுப்பும் மின்திறனை ஆன்டெனா எண்ணிக்கைக்கு ஏற்பவே குறைக்கலாம். முன்பே தெரிந்த பைலட் சிக்னலை அனுப்பிச் சேனலை மதிப்பிட வேண்டியிருந்தால், எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறைக்க முடியும். பலர் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது எனக்கு வருத்தம் தருகிறது. சுற்றுகளின் செலவையும் சேர்த்து 2015இல் பியோர்ன்சன் குழுவினர் ஆராய்ந்தபோது, ஆற்றல் திறனுக்கு ஓர் உச்சம் உண்டு என்பதும், அந்த உச்சத்துக்கான அமைப்பில் ஆன்டெனாக்களோடு அனுப்பும் மின்திறனும் கூட வேண்டும் என்பதும் தெளிவாயின. இப்படிப்பட்ட பின்னத்தின் மிகப்பெரிய மதிப்பைக் கண்டுபிடிக்க 1967இல் டிங்கல்பாக் என்பவர் தந்த கணித முறை இன்றும் கைகொடுக்கும். பயனர் எண்ணிக்கையையும் மாறியாக விடுங்கள். அதை நிலையாக வைத்தால் கிடைக்கும் உச்சம் உங்கள் அனுமானத்தைத்தான் காட்டும்.

மாணவியின் மறுமொழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி, ஐயா. சுற்றுச் செலவைச் சேர்த்தவுடன் கோடு ஏறி, வளைந்து, இறங்கிவிட்டது. ஒரு ஐயம் மட்டும் எஞ்சுகிறது: நள்ளிரவில் பயனர்கள் குறையும்போது உச்சமும் இடம் மாறுமே, அப்போது என்ன செய்வது?

பதில் – ரேடியோ வன்பொருள் பொறியாளர், தரமணி

சில சுற்றுத்தொடர்களை உறங்க வைக்கலாம். 64இல் 32ஐ அணைப்பது நடைமுறையில் உள்ளதுதான். ஆனால் விழித்தெழ எடுக்கும் நேரத்தையும், அதற்குள் சேரும் தாமதத்தையும் உங்கள் மாதிரியில் கட்டாயம் சேருங்கள்.