செப்டம்பர் கடைசியில் விக்டோரியா போகிறேன்: சால்மனா, ஹாலிபட்டா?

பாய்லர்காரர், ஊத்தான் மெலிந்தாங்

அன்பர்களுக்கு வணக்கம். மகள் கனடாவில், வான்கூவர் தீவின் விக்டோரியா நகரில் இருக்கிறாள். பேரன் பிறந்திருக்கிறான். செப்டம்பர் கடைசி வாரம் நானும் மனைவியும் கிளம்புகிறோம். நவம்பர் தொடக்கத்தில், தீபாவளிக்குள் ஊர் திரும்பிவிடுவோம். பேரன் பகலெல்லாம் தூங்குகிறானாம். அவன் விழிக்கும்வரை சோபாவில் உட்கார்ந்திருக்க எனக்கு உடம்பு வளையாது.

செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தூண்டில் பைத்தியம் தோட்டத்து வாய்க்காலில் பிடித்தது, பெர்ணம் ஆற்று முகத்துவாரத்துக்கு வந்தும் விடவில்லை. செனாங்கின், சியாகாப், ஜெனாஹாக் எல்லாம் கைக்குப் பழக்கம். குளிர்ந்த கடலில் மட்டும் இதுவரை தூண்டில் போட்டதில்லை.

மருமகன் ஒரு படகுக்காரரின் விளம்பரத்தை அனுப்பியிருக்கிறார். அதில் ஒருவர் தன் உயரத்துக்கு ஒரு தட்டை மீனைத் தொங்கவிட்டுச் சிரிக்கிறார். ஹாலிபட்டாம். பக்கத்துப் படத்தில் வெள்ளி வெள்ளியாகச் சால்மன். அந்தப் பருவத்தில் ஒரே பயணத்தில் இரண்டையும் பிடிக்க முடியுமா? என் கோல்கள் இரண்டையும் ரீலோடு கொண்டுபோகலாமா? அனுமதிச் சீட்டு வாங்குவது எப்படி? மருமகனைக் கேட்டுப் பயனில்லை. மீன் என்றால் அவருக்குத் தட்டில் இருக்கவேண்டும்.

சாய்ந்த கோபுரம், தெலுக் இந்தான்

தாராளமாக முடியும் ஐயா. இரண்டும் சேர்ந்த பயணம் என்றே அங்கே படகுக்காரர்கள் விளம்பரம் செய்கிறார்கள். காலையில் ஹாலிபட், மத்தியானம் சால்மன். கோல்களையும் எடுத்துப் போங்கள். சொந்தக் கோலில் மீன் ஏறினால்தான் பிடித்தது போல இருக்கும்.

தூண்டில் கடை, பாகான் டத்தோ

மேலே எழுதிய தம்பி சொல்வது ஜூன், ஜூலைக்குச் சரி. ஐயா போவது இலையுதிர் காலம். அப்போது கணக்கு வேறு.

பாகான் டத்தோவில் கடை போடுவதற்கு முன் பல ஆண்டுகள் நான் சூக் என்ற ஊரில் இருந்தேன். விக்டோரியாவிலிருந்து மேற்கே காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். படகுத்துறையில் வேலை. மற்றவர்கள் பிடித்து வந்த மீனைக் கழுவுவேன், வெட்டுவேன், படகைத் தேய்ப்பேன். எந்த மாதம் எந்த மீன் மேசைக்கு வரும் என்பது என் கைகளுக்குத் தெரியும்.

செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் மேசை நிறையக் கோஹோதான். பசிபிக்கின் அந்தக் கரையில் சால்மன் ஐந்து வகை: சினூக், கோஹோ, சாக்கை, பிங்க், சம். ஐந்துமே ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி முட்டையிட்டுச் சாகின்றன. பெரிய சினூக்கின் கூட்டம் கோடையிலேயே பெரும்பாலும் கடந்துபோயிருக்கும். தென்பகுதியில் பிங்க் கூட்டமாக வருவது ஒற்றைப்படை ஆண்டுகளில், ஆகவே இந்த 2026இல் அதைத் தேடவேண்டாம். கோஹோ மட்டும் ஹுவான் டி ஃபூகா நீரிணை வழியாக வந்துகொண்டே இருக்கும். மூன்று முதல் ஐந்து கிலோ, சில நேரம் அதற்கும் மேலே. தூண்டிலில் மாட்டினால் தண்ணீருக்கு மேலே குதிக்கும். படகை நோக்கியே ஓடிவந்து தூண்டில் நரம்பைத் தொய்யவிடும். ரீலைச் சுற்றத் தாமதித்தால் கொக்கியைக் கழற்றிக்கொண்டு போய்விடும்.

நம்மைப் போல நங்கூரம் போட்டு உட்கார்வதில்லை. படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே இரையை இழுப்பார்கள். படகின் பின்பக்கம் டவுன்ரிகர் என்ற சிறிய கை இருக்கும். கம்பியில் நாலைந்து கிலோ ஈயக்குண்டு தொங்கும். உங்கள் நரம்பை அந்தக் கம்பியில் ஒரு கவ்வியில் மாட்டி, வேண்டிய ஆழத்துக்கு இறக்குவார்கள். மீன் கடித்ததும் கவ்வி விட்டுவிடும். குண்டின் பாரம் இல்லாமல் மீனோடு மட்டும் நீங்கள் மல்லுக்கு நிற்கலாம். இரைக்கு முன்னால் பளபளக்கும் தகடு ஒன்று சுழலும், அதன் பின்னே பிளாஸ்டிக் சோத்தோங் (கணவாய்) அல்லது ஹெரிங் மீன். சினூக்குக்கு ஆழமாக இறக்குவார்கள். கோஹோ பெரும்பாலும் மேல் தண்ணீரில் ஓடும், படகையும் சற்று வேகமாகவே ஓட்டுவார்கள்.

மீன் படகருகே வந்ததும் வலையை எடுக்கத் துடிக்காதீர்கள். தெக்கோங், அதாவது படகோட்டி, முதலில் முதுகைப் பார்ப்பார். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சதையாக ஒரு குட்டித் துடுப்பு இருக்கும். பொரிப்பகத்தில் வளர்த்துவிட்ட குஞ்சுகளுக்கு அதை நறுக்கிவிடுவார்கள். அந்த இடத்தில் ஆறிப்போன வழுவழுப்பான தழும்பு இருந்தால் அது பொரிப்பக மீன். தென்பகுதியில் பல இடங்களில் அந்தக் கோஹோவைத்தான் வைத்துக்கொள்ளலாம். துடுப்பு முழுசாக இருந்தால் தண்ணீரை விட்டுத் தூக்காமலே கழற்றிவிட வேண்டும். அடுத்து வாய். பல் முளைக்கும் ஈறு கறுப்பாக இருந்தால் சினூக், வெளுத்திருந்தால் கோஹோ. வாலிலும் அடையாளம் உண்டு: சினூக்குக்கு வால் முழுவதும் புள்ளி, கோஹோவுக்கு மேல் பாதியில் மட்டும். சால்மனுக்கான கொக்கியில் பின்னோக்கி நிற்கும் சின்ன முள் இருக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். குறடால் நசுக்கிவிட்டாலும் போதும்.

இனி ஹாலிபட். நம் கடலில் செபேலா என்றும் எருமை நாக்கு என்றும் சொல்கிறோமே, அந்தச் சாதித் தட்டை மீன், ஆனால் ராட்சத வளர்ச்சி. விளையாட்டுத் தூண்டிலில் பிடித்ததில் சாதனை 459 பவுண்டு. 1996இல் அலாஸ்காவின் டச்சு ஹார்பரில் பிடித்தது. குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போல இரு பக்கமும் கண்ணோடு நிமிர்ந்துதான் நீந்தும். பிறகு இடக்கண் மெல்ல நகர்ந்து வலப்பக்கம் சேர்ந்துவிடும். மீனும் சாய்ந்து தரையோடு படுத்துவிடும். மேல்பக்கம் மண் நிறம், கீழ்ப்பக்கம் வெள்ளை. பெரியதெல்லாம் பெண் மீன். அதனால்தான் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இன்ன நீளத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக்கூடாது என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த நீளம் ஆண்டுதோறும் மாறும். இந்த ஒரு மீனுக்காகவே அமெரிக்காவும் கனடாவும் 1923இல் ஒப்பந்தம் போட்டு ஓர் ஆணையத்தை வைத்து இன்றும் நடத்துகின்றன. விளம்பரத்தில் ஆள் உயரத்துக்குத் தொங்கிய மீன் எந்த ஆண்டுப் படம், எந்தக் கடலில் எடுத்தது என்று மருமகனைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஹாலிபட் முட்டையிடுவது குளிர்காலத்தில், கண்டத் திட்டின் விளிம்பில், நல்ல ஆழத்தில். கோடையில் இரை தேடிக் கரைப்பக்கம் வந்தவை இலையுதிர் காலத்தில் ஆழத்துக்குத் திரும்பத் தொடங்கும். கிடைக்காது என்று சொல்லமாட்டேன். நேரமும் எரிபொருளும் அதிகம் போகும், காற்றும் அப்போது நம் சொல் கேட்காது. சால்மனுக்குப் படகு ஓடவேண்டும், ஹாலிபட்டுக்கு நிற்கவேண்டும். அரைநாளைக் கோஹோவுக்கே கொடுங்கள். இரண்டுக்கும் ஆசைப்பட்டு நாள் முழுவதும் இடம் மாறியே காலியாகத் திரும்பியவர்களின் படகையும் நான்தான் தேய்த்தேன்.

கோல் வேண்டாம். கடைக்காரனே சொல்கிறேன். படகில் எல்லாம் இருக்கும். சால்மனுக்கு நீண்டு வளைகிற கோல், ஹாலிபட்டுக்கு ஈயத்தைத் தூக்கவே தனிக் கோல். உங்கள் முகத்துவாரக் கோல் இரண்டுக்கும் ஒத்துவராது.

பாய்லர்காரர், ஊத்தான் மெலிந்தாங்

மிக்க நன்றி தம்பி. ஆக, கோஹோ. ஆனாலும் அந்தத் தட்டை மீன் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. நீரோட்டம் பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நாட்காட்டியில் பிறையைப் பார்த்தால் போதும், முகத்துவாரத்தில் தண்ணீர் எப்போது நிற்கும் என்று சொல்லிவிடுவேன். அது அங்கேயும் உதவுமா?

மனைவி படகில் ஏறமாட்டாள். குளிரைப் பற்றியும் ஒரேயடியாகப் பயமுறுத்துகிறாள். அவளுக்கும் ஏதாவது வழி சொல்லுங்கள்.

புளிக்குழம்பு, சபாக் பெர்ணம்

அக்காவுக்கு நான் வழி சொல்கிறேன் அண்ணன். விக்டோரியாவுக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்திலேயே கோல்ட்ஸ்ட்ரீம் என்று ஒரு பூங்கா இருக்கிறது. அக்டோபர் கடைசியில் சம் சால்மன் அந்தச் சின்ன ஆற்றில் ஏறத் தொடங்கும். கரையில் நின்றாலே போதும், முழங்கால் தண்ணீரில் முதுகு தெரிய முண்டி ஏறுவதைப் பார்க்கலாம். உடம்பில் ஊதாக் கோடுகள், ஆணுக்கு வளைந்த மூக்கு, வெளியே நீட்டிய பல். நவம்பரில் செத்த மீனின் வாடையும் கழுகுகளும் சேர்ந்துவிடும். அதற்கு முன்னரே கூட்டிப் போய்விடுங்கள்.

நாலைந்து நாள் கையில் இருந்தால் கப்பலில் பெருநிலப்பகுதிக்குக் கடந்து ஆடம்ஸ் ஆற்றுக்குப் போங்கள். சாக்கை அங்கே நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் பெருங்கூட்டமாக வரும்: 2018, 2022, இப்போது 2026. அக்டோபர் முதல் பாதியில் போகவேண்டும். உடம்பு முழுக்கச் சிவப்பு, தலை மட்டும் பச்சை. அது கிடைக்கிற ஆண்டில் போகிறீர்கள், விட்டுவிடாதீர்கள்.

சமையல் விஷயம். நம் பேரங்காடியில் வாங்குகிற சால்மன் பெரும்பாலும் நார்வே பண்ணை மீன், கொழுப்பு அதிகம். கடலில் பிடித்த கோஹோவில் அத்தனை கொழுப்பு இல்லை. அதே நேரம் வேகவைத்தால் சக்கையாகிவிடும். தலையையும் வயிற்றுப் பகுதியையும் குழம்புக்கு வையுங்கள். புளி கொதித்து, வெண்டைக்காய் வெந்து, எண்ணெய் பிரிந்த பிறகு மீனைப் போட்டு மூடி, அடுப்பை அணைத்துவிடுங்கள். ஹாலிபட் கிடைத்தால் அதன் கன்னத்துச் சதையை யாருக்கும் கொடுக்காதீர்கள். மஞ்சளும் மிளகும் தடவிப் பொரித்தால் இறால் தோற்றுப்போகும். மற்ற சதையைக் குழம்பில் போட்டு வீணாக்கவேண்டாம்.

சாய்ந்த கோபுரம், தெலுக் இந்தான்

ஒரு சந்தேகம். கூடுதலாகப் பிடித்தால் அங்கேயே உணவகத்துக்கு விற்றுப் படகுச் செலவை எடுத்துவிடலாமே?

தூண்டில் கடை, பாகான் டத்தோ

தம்பி, அந்த எண்ணத்தோடு கனடாவுக்குப் போகாதீர்கள். பொழுதுபோக்கு உரிமத்தில் பிடித்த மீனை விற்பது அங்கே குற்றம்.

ஐயா, உரிமம் எளிது. கடல் மீனுக்கு உரிமம் தருவது கனடாவின் மீன்வள, பெருங்கடல் துறை. இணையத்திலேயே வாங்கலாம், ஒருநாள், மூன்றுநாள், ஐந்துநாள் என்று உண்டு. சால்மனை வைத்துக்கொள்ள அதோடு சால்மன் முத்திரை என்ற ஒன்றும் தனியாக வாங்கவேண்டும். அதை மறந்துவிட்டுத் துறைக்கு வந்து முழிப்பவர்கள் அதிகம். ஆற்றில் பிடிக்க வேறு உரிமம், அது மாகாண அரசினுடையது. ஹாலிபட்டோ சினூக்கோ வைத்துக்கொண்டால் உடனே உரிமத்தில் பதியவேண்டும், கரைக்கு வந்து எழுதலாம் என்று இருக்கக்கூடாது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எத்தனை மீன் என்பதெல்லாம் பருவத்தின் நடுவிலும் மாறும். முதல்நாள் இரவு துறையின் அறிவிப்பை மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறைக் கணக்கு விஷயம் எனக்குப் பிடித்தது. இங்கே நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமிக்கு நீர் வேகம், எட்டாம் பிறைக்குத் தளர்ச்சி. விக்டோரியா பக்கம் அப்படி ஒழுங்காக வராது. சில நாளில் ஒரே ஏற்றம், ஒரே வற்றம்தான். நிலவு வானத்தில் எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே போயிருக்கிறது என்பதும் சேர்ந்து ஆடும். அதைவிடப் பெரிய விஷயம், நீர்மட்டம் உச்சிக்கு வரும் நேரமும் ஓட்டம் நிற்கும் நேரமும் அங்கே ஒன்றாக இருக்காது. மட்டத்துக்கு ஓர் அட்டவணை, ஓட்டத்துக்கு வேறு அட்டவணை. ரேஸ் பாசேஜ் என்ற இடத்துக்கான ஓட்ட அட்டவணையைப் பாருங்கள். சூக், விக்டோரியா படகுக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் ஹாலிபட்டுக்குக் கிளம்புவார்கள். ஓட்டம் தளரும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் இரை அடியில் நிற்கும். மற்ற நேரத்தில் இரண்டு பவுண்டு ஈயத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே ஹாலிபட் ஆசை தீரவேண்டும் என்றால், ஓட்டம் குறைந்த நாளாகப் பார்த்து அதற்கு மட்டும் தனியாக ஒரு பயணம் எடுங்கள்.

குளிரைப் பற்றி அக்கா சொல்வது சரி. கரையில் வெயில் அடிக்கும். நீரிணையில் தண்ணீர் பத்து டிகிரி அளவில்தான் இருக்கும். பருத்திச் சட்டை நனைந்தால் காயாது. உள்ளே கம்பளி, வெளியே காற்று புகாத மழைச்சட்டை. உயிர்காப்பு அங்கியைக் கழற்றி இருக்கையில் போடாதீர்கள், நம் தெக்கோங்குகளின் பழக்கம் அங்கே உதவாது. செப்டம்பரில் மூடுபனி, அக்டோபரில் தென்கிழக்குக் காற்று. படகுக்காரர் இன்று வேண்டாம் என்றால் வாதாடவேண்டாம்.

ஒன்றை மட்டும் இங்கேயே பழகிக்கொண்டு போங்கள். ஹாலிபட்டுக்கு வட்டக் கொக்கி போடுவார்கள். நாம் ஜெனாஹாக்குக்குச் செய்வதுபோல் கடித்தவுடன் சுண்டி இழுத்தால் கொக்கி வாயை விட்டு வழுக்கி வந்துவிடும். மீன் இரையை வாங்கிக்கொண்டு திரும்பி, கோல் தானாக வளைந்து இறங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும். கடைக்கு வாருங்கள், நாலு வட்டக் கொக்கி தருகிறேன், முகத்துவாரத்தில் செம்பிலாங்குக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை மட்டும் வேண்டாம். உயிர் இறால் வாங்கக் கூட்டம் நிற்கும், பேச நேரம் இருக்காது.