கார் நேவிகேஷன் செட்: கோளாறு ஆன்டெனாவிலா, போர்டிலா?

வணக்கம் நண்பர்களே. கார்ல இருக்கிற ஆண்ட்ராய்டு செட்டில் ரெண்டு வாரமா ஜிபிஎஸ் விட்டு விட்டுத்தான் வருது. போன ஞாயிறு மதுராந்தகம் தாண்டும்போது அம்புக்குறி ரோட்டை விட்டு இறங்கி ஏரிக்குள்ள போய் நின்னுடுச்சு. பின்சீட்டில் பசங்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

இதுவரைக்கும் பார்த்தது: சாட்டிலைட் எண்ணிக்கை காட்டும் ஆப்பில் காலையில 14 வருது. மதியம் வெயில் ஏறினா ரெண்டு, அப்புறம் சைபர். குறைஞ்சது நாலாவது கிடைச்சாதானே இடம் சரியா காட்டும்? அதே டேஷ்போர்டில் வைத்த போன் மட்டும் ஒழுங்கா வேலை செய்யுது, அதனால கண்ணாடி ஃபிலிம் மேல சந்தேகமில்லை. டேஷ்கேமைக் கழற்றியும் பார்த்தாச்சு, மாற்றமில்லை.

செட்டை வெளியே இழுத்து ஆன்டெனா ஒயரைக் கழற்றினேன். நடு பின்னில் லேசா பச்சை பூத்திருந்தது. ஐபிஏ (ஐசோப்ரோபைல் ஆல்கஹால், துடைக்கிற திரவம்) தொட்டுத் துடைச்சதில் ஒரு நாள் நிம்மதி, அவ்வளவுதான். ஆன்டெனாவுக்கு கரண்ட் கொடுக்கிற செட் பக்க சாக்கெட்டில் மல்டிமீட்டர் 3.3 வோல்ட் காட்டுது, ஆனா அது காலை நேரத்தில், ஆன்டெனா மாட்டாம எடுத்த அளவு.

கடைக்காரர் தொட்டுக்கூடப் பார்க்காம "மொத்த செட்டையும் மாத்திடுங்க சார்"ங்கிறார். எனக்கு மனசு வரலை.

சூட்டில் மட்டும் படுக்கிறது ஆன்டெனாவுக்குள்ள இருக்கிற ஆம்ப்ளிஃபயர் கோளாறா, போர்டில் சால்டர் விட்டிருக்குமா? 3 முதல் 5 வோல்ட்னு போட்ட எந்த ஆன்டெனாவும் ஒத்துக்குமா? சென்னையில யாராவது உபரியா ஒன்று வைத்திருந்தால், மாட்டிப் பார்த்துட்டுத் திருப்பித் தந்துடறேன்.