மிதிவண்டி, குடிநீர், குப்பை: எதை முதலில் கையில் எடுப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு குழுவாக இயங்கி வருகிறோம். குறுகிய தூரங்களுக்கு மிதிவண்டியைப் பழக்கமாக்குவது, குடிநீரின் தூய்மையைக் காப்பது, குப்பையைக் குறைப்பது ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்கினோம். ஆறு மாதங்களில் மூன்றுமே பாதியில் நின்றுவிட்டன. வார இறுதியில் சில மணி நேரத்தை மட்டுமே ஒதுக்க முடிகிற எங்களைப் போன்றவர்கள் எதிலிருந்து தொடங்கலாம் என்பதை அனுபவம் உள்ளவர்கள் காரணத்தோடு சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1

மிதிவண்டியிலிருந்து தொடங்குங்கள். நெதர்லாந்து எப்போதுமே மிதிவண்டிக்கு உகந்த நாடாக இருந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் 1971இல் அங்கே சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடியதும், 1973இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துதான் அந்நாட்டைத் தனித்தடங்களின் பக்கம் திருப்பின. கொலம்பியாவின் போகோட்டா நகரிலோ 1974இலிருந்து, இருக்கிற சாலைகளையே ஞாயிற்றுக்கிழமைகளில் சில மணி நேரம் மோட்டார் வாகனங்களுக்கு மூடி, நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் விட்டுவிடுகிறார்கள். இதற்காகப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. ஒரே ஒரு தெருவை ஒரு காலைப்பொழுதுக்கு இப்படிக் கேட்டுப் பெறுவது உங்கள் குழுவால் முடிகிற காரியம்தான்.

மறுமொழி 2

முந்தைய மறுமொழியில் உள்ள எதையும் நான் மறுக்கவில்லை. ஆனாலும் குப்பையிலிருந்து, அதிலும் தெருவோர மழைநீர் வடிகாலின் வாயிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் நீங்கள் சொல்லும் மூன்றும் சந்திக்கிற இடம் அதுதான்.

மழை பெய்யும்போது அந்த வாயருகே கால்மணி நேரம் நின்று பாருங்கள். இரும்புக் கம்பிகளின் மேல் ஈரச் சருகுகள் படிந்து, அவற்றின் மேல் ஒரு நெகிழிப் பை வந்து ஒட்டிக்கொண்டால் போதும், நீர் உள்ளே இறங்க வழியின்றிச் சாலையோரம் முழுவதும் தேங்கிவிடும். மிதிவண்டியில் வருகிறவர் நீருக்கடியில் பள்ளம் இருக்குமோ என்ற அச்சத்தில் சாலையின் நடுப்பக்கம் விலகுகிறார். பின்னால் விரைந்து வரும் வாகனத்துக்கு முன்னால் அவர் வந்து சேர்வது அந்த நொடியில்தான். (கம்பிகள் எந்தத் திசையில் பதிக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். அவை மிதிவண்டி செல்லும் திசையிலேயே நீண்டிருந்தால் மெல்லிய சக்கரம் இடுக்கில் இறங்கிவிடும். குறுக்காகத்தான் இருக்க வேண்டும்.)

தேங்கிய நீர் மண்ணில் ஊறி, கீழே செல்லும் குடிநீர்க் குழாயைச் சூழ்கிறது. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை விரிசல் வழியாக நல்ல நீர் வெளியே கசியும். அழுத்தம் விழுந்துவிட்டால் அதே விரிசல் வழியாக அழுக்கு நீர் உள்ளே புகும். மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகிற பழைய நகரங்களின் சிக்கல் இன்னும் பெரிது. பாரிஸில் 1923 முதல் சேன் ஆற்றில் நீந்தத் தடை இருந்தது. பெருமழையின்போது குழாய்கள் நிரம்பிக் கழிவுநீர் ஆற்றில் வழிவதைக் குறைக்க, 50,000 கனமீட்டர் கொள்ளும் நிலத்தடித் தொட்டி ஒன்றை 2024இல் திறந்தார்கள். 2025 கோடையில்தான் பொதுமக்கள் மீண்டும் ஆற்றில் இறங்கினார்கள்.

அவ்வளவு பெரிய தொட்டியை உங்கள் குழுவால் கட்ட முடியாது. ஆனால் வீட்டுக்குள்ளேயே மக்கும் குப்பையைத் தனியாகப் பிரிக்க வைக்க முடியும். ஈரமும் உலர்ந்ததும் கலந்த பையைத்தான் நாயும் காகமும் கிழிக்கின்றன. அதிலிருந்து சிதறுவதுதான் வடிகால் வாய்க்கு வந்து சேர்கிறது. ஒரு தெருவை மட்டும் எடுத்துக்கொண்டு, மழைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வடிகால் வாயையும் படமெடுத்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறுமொழி 3

குடிநீரைப் பற்றிச் சில வார்த்தைகள். கம்போடியாவின் புனோம் பென் நகரில் 1993இல் விநியோகிக்கப்பட்ட நீரில் ஏறத்தாழ 72 விழுக்காடு கசிவிலும் திருட்டிலும் போய்க்கொண்டிருந்தது. குழாய்களை மாற்றி, இணைப்புகளுக்கெல்லாம் அளவுமானி பொருத்தி, பதினைந்து ஆண்டுகளில் அதை 6 விழுக்காட்டுக்கு அருகில் கொண்டுவந்தார்கள். இது குடிநீர் வாரியங்கள் செய்ய வேண்டிய வேலை என்பது உண்மைதான். இருந்தாலும் இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு அளவுமானி நகர்கிறதா என்று பார்ப்பதற்கும், குழாய் முனையில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று சோதிப்பதற்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை. நாள், நேரம், இடம் ஆகியவற்றோடு எழுதிக் கொடுக்கும் புகாரை அலுவலகத்தில் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வடிகால் வாய்களிலிருந்தே தொடங்குகிறோம். இன்னும் ஒரே ஓர் ஐயம்: முன்பு வைத்த உரத்தொட்டியில் நாற்றம் தாங்காமல் இரண்டே வாரத்தில் நிறுத்திவிட்டோம். அதில் என்ன தவறு செய்திருப்போம்?

மறுமொழி 2 எழுதியவர்

பெரும்பாலும் ஈரம் மிகுந்து, காற்றோட்டம் இல்லாமல் போயிருக்கும். காற்றுப் புகாத குவியலில்தான் கெட்ட நாற்றமும் மீத்தேனும் உண்டாகின்றன. சமையலறைக் கழிவை ஒரு கை அளவு போட்டால் காய்ந்த சருகை இரண்டு மூன்று கை அளவு தூவுங்கள்; வாரம் ஒருமுறை அடிவரை கிளறிவிடுங்கள். ஒரு பிடியை எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி கசியலாம். நீராக ஒழுகினால் இன்னும் சருகு சேருங்கள். வடிகால் வாயில் அடைத்துக்கொள்ளும் சருகையே உலரவைத்துப் பயன்படுத்தலாம், நெகிழியை மட்டும் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.