டெக்சோமா ஏரிப் பயணம்: குடும்பக் குழுவில் மீன்பிடி உரிமம் பற்றிய பேச்சு

செல்வி: அனைவருக்கும் வணக்கம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் டெக்சஸின் டெனிசன் ஊருக்கு அருகே, டெக்சோமா ஏரிக்கரையிலுள்ள ஐசனோவர் மாநிலப் பூங்காவில் கூடாரம் போட இடம் உறுதியாகிவிட்டது. சனிக்கிழமை கரையிலிருந்து தூண்டில் போடுவோம். ஞாயிற்றுக்கிழமை என் கணவர் முருகனுடைய அலுவலக நண்பர் தம் படகில் நம்மை அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறார். யாருக்கு எந்த உரிமம் தேவை என்பதை இன்றே பேசி முடித்துவிட வேண்டும்.

கார்த்திக்: அக்கா, என்னிடம் உரிமம் இருக்கிறது. ஜூலையில் 30 டாலர் கொடுத்து நன்னீர் மீன்பிடி உரிமம் வாங்கினேன். அடுத்த ஜூலை வரை அது செல்லும் அல்லவா?

செல்வி: செல்லாது, தம்பி. டெக்சஸில் உரிம ஆண்டு செப்டம்பர் 1 அன்று தொடங்கி ஆகஸ்டு 31 அன்று முடிகிறது. நீ எந்த மாதத்தில் வாங்கியிருந்தாலும் அந்த ஆகஸ்டோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு ஓடும் உரிமமும் உண்டு, ஆனால் அது வேறு வகை, விலையும் 47 டாலர். கோடையின் கடைசியில் சாதாரண உரிமம் வாங்குவதைப் போல வீண் செலவு வேறில்லை.

அப்பா: அம்மா செல்வி, ஒரு தூண்டில் போடுவதற்கு இவ்வளவு ஏற்பாடா? நம் ஊரில் குளத்து மீன்பாசியை ஏலம் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், ஆற்றில் என்றால் அதுவும் வேண்டாம். எனக்கு 71 வயதாகிறது. இங்கே முதியவர்களுக்குச் சலுகை உண்டு என்று மாப்பிள்ளை ஒருமுறை சொன்னதாக நினைவு.

முருகன்: மாமா, நான் சொன்னது உண்மைதான், ஆனால் அந்தச் சலுகை டெக்சஸில் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து குடியிருக்கும் 65 வயதினருக்கு உரியது. சுற்றுலா விசாவில் வந்திருக்கும் நீங்கள் சட்டத்தின் பார்வையில் வெளியார். வயதை மட்டும் பார்த்து முழு விலக்குத் தருவதென்றால் 1931 ஜனவரி 1-க்கு முன் பிறந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் நீங்கள் இன்னும் இளைஞர்.

அப்பா: அப்படியானால் நான் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கத்தான் வேண்டுமா?

செல்வி: அப்படி இல்லை, அப்பா. மாநிலப் பூங்காவின் எல்லைக்குள் கரையில் நின்றோ அங்குள்ள மீன்பிடி மேடையிலிருந்தோ தூண்டில் போடும் யாருக்கும் உரிமம் தேவையில்லை. ஆகவே சனிக்கிழமை நீங்கள் விடியற்காலையிலேயே உட்கார்ந்துவிடலாம். ஆனால் உரிமம் வேண்டாம் என்பதால் மற்ற விதிகளும் வேண்டாம் என்று ஆகிவிடாது. எத்தனை மீன், எந்த நீளம், எந்தக் கருவி என்பவை கரையிலும் அப்படியே நிற்கின்றன. படகில் ஏறிவிட்டால் உரிமமும் சேர்ந்துகொள்கிறது.

பாரதி: மதினி, மாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வெளியாருக்கான ஒரு நாள் உரிமம் எடுத்துவிடலாமே. விலை 16 டாலர் என்று பார்த்தேன்.

முருகன்: எடுக்கலாம், ஆனால் அது டெக்சஸ் நீருக்கு மட்டுமே செல்லும். டெக்சோமா இரண்டு மாநிலங்களுக்குப் பொதுவான ஏரி. 1944-இல் ரெட் ஆற்றின் குறுக்கே டெனிசன் அணையைக் கட்டியபோது டெக்சஸுக்கும் ஓக்லஹோமாவுக்கும் நடுவே தேங்கிய நீர் அது. தண்ணீரின் மேல் எல்லைக்கோடு எதுவும் தெரியாது. மீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு போகும் படகு எந்த நிமிடம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதை ஓட்டுபவர்கூட யோசித்துத்தான் சொல்ல வேண்டும். இதற்காகவே டெக்சோமா ஏரி உரிமம் என்று ஒன்று இருக்கிறது. 12 டாலர்தான், உள்ளூர்க்காரருக்கும் வெளியாருக்கும் ஒரே விலை, ஏரியின் இரு பக்கமும் செல்லும். மாமாவுக்கு அதுவே பொருத்தம். கார்த்திக்கும் இந்தப் பயணத்துக்கு அதையே வாங்கலாம்.

நிலா: அப்பா, எனக்கு 16 வயதுதான். பதினேழுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு உரிமம் வேண்டாம் என்று படித்தேன். சரிதானே?

முருகன்: சரி மகளே, ஆனால் அது டெக்சஸ் தரும் விலக்கு. ஓக்லஹோமா தன் விலக்குகளைத் தானே வகுத்துக்கொள்கிறது. ஒரு மாநிலத்தின் மன்னிப்பை இன்னொரு மாநிலத்தில் காட்ட முடியாது. உனக்கும் ஒரு டெக்சோமா உரிமம் எடுத்துவிடுகிறேன். நடு ஏரியில் கேம் வார்டன் எனப்படும் வனவிலங்கு, மீன்வள அதிகாரி வந்து கேட்கும்போது வயதைப் பற்றி வாதாட வேண்டியிருக்காது.

அப்பா: நல்லது. அப்படியே அந்த இந்தியக் கடைக்குப் பக்கத்துக் கடையில் ஒரு வீச்சு வலையும் பார்த்து வையுங்கள். தூண்டிலில் ஒவ்வொன்றாக எடுப்பதைவிட வலையை நாலு முறை வீசினால் குழம்புக்குப் போதுமான கெளுத்தி வந்துவிடும்.

செல்வி: அப்பா, வலையை மட்டும் விட்டுவிடுங்கள். இங்கே மீன்களை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். பாஸ், கெளுத்தி, கிராப்பி போன்றவை விளையாட்டு மீன்கள் என்ற பட்டியலில் வருகின்றன, அவற்றை வலை போட்டுப் பிடிக்கக் கூடாது. வீச்சு வலைக்கு அனுமதி உண்டு, விட்டம் 14 அடியைத் தாண்டக் கூடாது, ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத மீன்களுக்குத்தான். நீங்கள் வீசிய வலையில் கெளுத்தி விழுந்தால் அதை உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். உங்கள் கைக்கு அது சரிப்படாது என்று எனக்குத் தெரியும்.

அப்பா: உணவுக்குப் பிடிக்கும் கெளுத்தியை விளையாட்டு மீன் என்கிறார்களா? சரி, தூண்டிலே இருக்கட்டும். நரம்பு, முள், தக்கை எல்லாம் நானே கட்டிக்கொள்கிறேன்.

கார்த்திக்: அத்தான், ஸ்ட்ரைப்பர் என்கிற ஸ்ட்ரைப்டு பாஸ் மீனுக்கு அளவு என்ன? ஆளுக்கு ஐந்து, குறைந்தது 18 அங்குலம் என்று என் நண்பன் சொன்னான்.

முருகன்: அது மாநிலம் முழுவதற்குமான பொது விதி. டெக்சோமாவுக்குத் தனி விதி இருக்கிறது. இந்த ஏரியில் ஸ்ட்ரைப்டு பாஸ் தானாகவே முட்டையிட்டுப் பெருகுகிறது. இங்கே ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து மீன் வரை வைத்துக்கொள்ளலாம், கலப்பின ஸ்ட்ரைப்பரும் இதே கணக்கில் சேரும். குறைந்தபட்ச நீளம் கிடையாது. ஆனால் 20 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளவை அந்தப் பத்தில் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. எந்த ஏரிக்குப் போனாலும் முதலில் அந்த ஏரியின் பெயரைத் தனி விதிகளின் பட்டியலில் தேடிவிட்டு, அங்கே இல்லாவிட்டால்தான் பொது விதிக்கு வர வேண்டும். கெளுத்திக்கும் அப்படியே பார்த்துக்கொள்.

கார்த்திக்: அளப்பது எப்படி? வாலை விரித்து வைத்தா?

முருகன்: இல்லை. மீனை அடிமட்டத்தின் மேல் கிடத்தி, வாயை மூடி, மூக்கு நுனியை முனையில் பொருத்தி, வால் மடல் இரண்டையும் விரல்களால் சேர்த்து நெருக்கிப் பிடித்தால் எந்தப் புள்ளி வரை நீள்கிறதோ அதுதான் நீளம். வாலை நெருக்காமல் அளந்தால் 20 அங்குல மீன் அதற்குக் குறைவாகத் தெரியும். மூன்றாவது பெரிய மீன் பெட்டிக்குள் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

பாரதி: படகிலேயே தலையையும் வாலையும் வெட்டிச் சுத்தம் செய்துவிட்டால் வீட்டில் நாற்றம் இருக்காதே?

செல்வி: கூடாது, பாரதி. நீள வரம்போ எண்ணிக்கை வரம்போ உள்ள மீனின் தலையையும் வாலையும், கரை சேர்ந்து படகு வேலை முடியும் வரை வெட்டக் கூடாது. வெட்டிய துண்டத்தை எந்த அதிகாரி எப்படி அளப்பார்?

அப்பா: அப்படியானால் ஒரு பெரிய வாளியில் ஏரித் தண்ணீரை ஊற்றி உயிருடன் கொண்டு வந்துவிடுவோம். வீட்டில் வந்து அலசினால்தான் குழம்பு குழம்பாக இருக்கும்.

முருகன்: மாமா, இந்த ஏரியில் அதைத்தான் எல்லாவற்றையும்விடக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். ஸீப்ரா மஸல் என்றொரு சிறு சிப்பி இருக்கிறது. அது டெக்சஸில் முதன்முதலாக 2009-இல் டெக்சோமாவில்தான் தென்பட்டது. அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் மிதக்கும், ஒரு வாளி நீர் போதும் இன்னொரு ஏரிக்குப் போய்ச் சேர. குழாய்களின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். பிளானோவுக்கும் ஃபிரிஸ்கோவுக்கும் குடிநீர் தரும் வட டெக்சஸ் நீர் வாரியம் இதனால் டெக்சோமாவிலிருந்து நீர் எடுப்பதையே நிறுத்திவைத்து, நீரை நேரே வைலி ஊரிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோக நீண்ட குழாய் பதித்து, 2014-இல்தான் மறுபடி எடுக்கத் தொடங்கியது. அதனால் படகு, மீன் தொட்டி, தூண்டில் இரை வாளி எல்லாவற்றையும் ஏரியை விட்டுக் கிளம்பும்போதே காலி செய்ய வேண்டும், மீனை ஏரி நீரோடு உயிருடன் எடுத்துப் போகக் கூடாது. ஐஸ் பெட்டிதான் வழி.

அப்பா: குடிதண்ணீர்க் காரியம் என்றால் சரி. ஐஸ் தாராளமாகப் போடுங்கள்.

கார்த்திக்: இன்னொரு விஷயம். அடுத்த மாதம் என் அலுவலக நண்பரின் பண்ணையில் காட்டுப்பன்றி சுட அழைக்கிறார். தனியார் நிலத்தில் உரிமையாளரின் சம்மதம் இருந்தால் காட்டுப்பன்றிக்கு வேட்டை உரிமமே வேண்டாம் என்கிறார்.

முருகன்: அவர் சொல்வது டெக்சஸ் சட்டப்படி சரி. 2019 செப்டம்பர் 1 முதல் அப்படித்தான். ஆனால் அவர் அமெரிக்கக் குடிமகன், நீ எச்1பி வேலை விசாவில் இருப்பவன். குடியேற்ற உரிமை இல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம், அதாவது மத்திய அரசின் சட்டம், தடை செய்கிறது. அதிலிருக்கும் விதிவிலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது. பன்றிக்கு உரிமம் வேண்டாம் என்று மாநிலம் சொன்னாலும், துப்பாக்கியைத் தொடுவதற்கு உனக்கு அந்த உரிமம் தேவைப்படுகிறது. நண்பர் சொன்னதை நம்பி உரிமம் இல்லாமல் போய் அவர் துப்பாக்கியை வாங்கிச் சுட்டால், பன்றிக்காக அல்ல, துப்பாக்கிக்காக ஃபெடரல் குற்றமாகிவிடும். உன் கிரீன் கார்டு விண்ணப்பமும் அதோடு சிக்கிக்கொள்ளும்.

பாரதி: இதை யாருமே சொல்லவில்லையே, அண்ணா. 25 டாலருக்கு உரிமம் வாங்கிவிட்டால் போதுமா?

முருகன்: வாங்குவது முதல் படி. மான், புறா என்று மற்ற வேட்டைக்குப் போவதென்றால், 1971 செப்டம்பர் 2 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் வேட்டைக் கல்விப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். 17 வயது நிரம்பியவர்கள் அதை இணையத்திலேயே முடித்துவிடலாம். துப்பாக்கியை முதல்முறையாகத் தொடப் போகிற கார்த்திக் பன்றிக்குப் போவதற்கு முன்பே அதை முடிப்பது நல்லது. விசா விஷயத்தை மட்டும் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுப் பண்ணைக்குப் பதில் சொல்லட்டும். தாமதமானால் நண்பர் காத்திருப்பார்.

கார்த்திக்: சரி, அத்தான். அதுவரை நான் வாக்குக் கொடுக்கவில்லை.

செல்வி: மீண்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். 13 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் படகு ஓடும்போது உயிர்காப்பு உடையை அணிந்தே இருக்க வேண்டும், மடியில் வைத்துக்கொண்டால் போதாது. பாரதி, உன் மகனுக்குச் சரியான அளவில் ஒன்று இருக்கிறதா?

பாரதி: இருக்கிறது, மதினி. போன கோடையில் வாங்கியதை இன்று போட்டுப் பார்த்துவிடுகிறேன்.

செல்வி: நல்லது. டெக்சஸ் பூங்கா, வனவிலங்குத் துறையின் ‘அவுட்டோர் ஆன்யுவல்’ செயலியை எல்லோரும் இன்றிரவே இறக்கிக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் அதில் விதிகளைப் பார்க்கலாம். உரிமங்களை நான் எடுக்கிறேன். அப்பா, பாஸ்போர்ட்டை மேசை மேல் எடுத்து வையுங்கள்.

அப்பா: வைத்துவிட்டேன். மண்புழு எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் மாப்பிள்ளை சொல்லட்டும்.

முருகன்: ஏரிக்குப் போகும் வழியில் இரைக் கடை இருக்கிறது, மாமா. டப்பாவில் அடைத்து விற்பார்கள். பின்கட்டில் தோண்ட வேண்டாம்.