மாலிக்குலர் மெடிசின் பிஎச்.டி.: சேர்ந்தால் எல்லாருக்கும் 37,000 வருமாம்!

வில்லுக்குறி வாசி:
எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு சித்தப்பாவின் அறிவுரை: "எம்.எஸ்சி. முடித்த பிள்ளைகள் மாலிக்குலர் மெடிசினில் பிஎச்.டி. சேருங்கள், சேர்ந்த மாதமே எல்லாருக்கும் 37,000 ரூபாய்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாருக்கும் என்றால் யாருக்கு? ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் வாங்கினவனுக்கு மாதம் 37,000. வாங்காமல் நம்ம பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பதிவு செய்தவனுக்கு ஒரு பைசா வராது, ஃபீஸும் அவன்தான் கட்டவேண்டும். நானும் இந்தப் படிப்பில்தான் கிடக்கிறேன், தெரிந்துதான் சொல்கிறேன்.

குழித்துறை ராஜா:
37,000 சரிதானே? 31,000 இருந்ததை 2023 ஜனவரி முதல் 37,000 ஆக்கியது மத்திய அரசு. சித்தப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், உமக்கு ஏன் வயிறு எரிகிறது?

வில்லுக்குறி வாசி:
வோய், தொகை தப்பு என்று யார் சொன்னது? "எல்லாருக்கும்" என்று எழுதியதுதான் தப்பு. சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுதணும், இல்லை மத்திய பயோடெக் துறையான டி.பி.டி.யின் பெட் தேர்வு, இல்லை மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர். நடத்துவது, இந்த மாதிரி ஏதாவது ஒன்றில் ஃபெல்லோஷிப்போடு தேறணும். அப்படித் தேறினால்தான் 37,000, இரண்டு வருஷம் கழித்து ஒரு கமிட்டி முன்னால் உட்கார்ந்து பதில் சொன்ன பிறகு 42,000. நெட் இல்லாமல் மத்திய பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவனுக்கு யு.ஜி.சி. வைத்திருப்பது 8,000. அதற்கும் வெளியே இருப்பவனுக்குக் காற்றுதான். அப்புறம் இந்தப் பணம் மாதாமாதம் வரும் என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறீர், பல மாதம் காயப்போட்டுவிட்டு மொத்தமாக வரும். லேபில் செல் வளர்க்கிற இன்குபேட்டர் 37 டிகிரியில் நிற்பது நிச்சயம், கையில் 37 ஆயிரம் நிற்பது நிச்சயமில்லை.

ஆசாரிபள்ளம் அக்கா:
தம்பிமாரே, என் மகள் எம்.எஸ்சி. பயோடெக் முடித்திருக்கிறாள். இந்த மாலிக்குலர் அண்ட் செல்லுலார் மெடிசின் என்றால் உண்மையில் என்ன படிப்பு? எம்.பி.பி.எஸ். படித்திருக்க வேண்டுமா?

குழித்துறை ராஜா:
என் மச்சினன் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி பயோடெக் மையத்தில் இருக்கிறான். அவன் லேபில் எல்லாருக்கும் 37,000 வருகிறது. நேரில் பார்த்தவன் சொல்கிறேன், எல்லாருக்கும்.

வில்லுக்குறி வாசி:
அங்கே உள்ளே விடுவதே ஃபெல்லோஷிப் வைத்திருப்பவனைத்தான், அப்புறம் எல்லாருக்கும் வராமல் என்ன செய்யும்? குளச்சல் ஏலக்கூடத்தில் நின்றுகொண்டு ஊரில் எல்லார் வீட்டிலும் நெய்மீன் குழம்பு என்பது போல இருக்கிறது உம் கணக்கு. போன மாதம் ரப்பர் விலை ஏறும் ஏறும் என்று இதே வாய்தானே சொன்னது, ஷீட்டை விற்காமல் வைத்திருந்தவர்களிடம் கேட்டுப் பாரும்.

குழித்துறை ராஜா:
ரப்பரை ஏன் இழுக்கிறீர்? பதில் இல்லாதவன்தான் பேச்சை மாற்றுவான்.

மணவாளக்குறிச்சி மைந்தன்:
இரண்டு பேரும் காசு காசு என்று சாகிறீர்கள். எங்கள் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம், அதில் கதிர்வீசுகிற தோரியம். இங்கே வருகிற புற்றுநோய் முழுக்க அதனால்தான். படிக்கிறவன் இங்கே வந்து குரோமோசோமைப் பார்க்கட்டும்.

வில்லுக்குறி வாசி:
முழுக்க அதனால்தான் என்று யார் அளந்து சொன்னது மக்கா? கொல்லம் பக்கம் கருநாகப்பள்ளியில் இதே மாதிரி மணல்தான். அங்கே ஏறக்குறைய 70,000 பேரைப் பத்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியிட்டார்கள், அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் 2002இல் வந்த வேறொரு ஆய்வு, அதே கேரளக் கடலோரத்தில் குடும்பம் குடும்பமாக, செல்லுக்குச் சக்தி தருகிற மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வைப் பார்த்ததில், கதிர்வீச்சு கூடின இடத்தில் மாற்றங்களும் கூட இருக்கிறது என்றது. டி.என்.ஏ. மாறுகிறது, நோய் கூடவில்லை, நடுவில் செல் என்ன செய்கிறது? இதைத் துருவுவதுதான் அக்கா கேட்ட இந்தப் படிப்பின் வேலையே. அதைத் துருவுகிறவனும் சாப்பிடணும் இல்லையா, எல்லாருக்கும் 37,000 என்று சித்தப்பா கையெழுத்துப் போட்டுத் தருவாரா?

மணவாளக்குறிச்சி மைந்தன்:
கருநாகப்பள்ளி கேரளாக்காரன் ஊர். எங்கள் ஊரில் வந்து எண்ணினானா?

குழித்துறை ராஜா:
என்ன பெரிய கேரளாக்காரன். 1956 வரை குமரிக்காரன் நீரும் நானும் திருவிதாங்கூர்க்காரன்தான்.

தக்கலை தாத்தா:
திருவிதாங்கூர் அல்ல, கடைசியில் திரு-கொச்சி. நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். வரலாறு தெரியாமல் பேசாதே.

குழித்துறை ராஜா:
தாத்தா வந்துவிட்டார். இனி குமரி இணைப்புப் போராட்டத் துப்பாக்கிச் சூட்டில் தொடங்கி அதன் தலைவர் நேசமணி வரை போகும்.

வெள்ளைக்கோட்டு தம்பி:
எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருஷம் படிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நோயாளியைத் தொடாதவர்கள் மெடிசின் என்று பெயர் வைத்துக்கொள்வது வேடிக்கைதான். தட்டில் செல் வளர்ப்பதற்கு ஏன் இவ்வளவு பெருமை?

வில்லுக்குறி வாசி:
தம்பி, கொஞ்சம் உட்காரும். 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்த முதல் கார்-டி செல் சிகிச்சை, நோயாளியின் எதிர்ப்புச் செல்லையே மாற்றி ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுப்பது, எங்கே தொடங்கியது? மும்பை ஐ.ஐ.டி. லேபில், நீர் சிரிக்கிற அதே தட்டில். டாட்டா மெமோரியல் டாக்டர்கள் நோயாளிக்குக் கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. வேலூர் சி.எம்.சி.யில் ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு ஜீன் தெரபி கொடுத்து 2024இல் வெளியிட்டார்களே, அவர்களுடைய ஸ்டெம் செல்லை எடுத்து ஜீனை ஏற்றித் திருப்பிக் கொடுத்தது ஸ்டெதஸ்கோப் வைத்தா? ஞாயிற்றுக்கிழமையும் போய் செல்லுக்குச் சாப்பாடான மீடியத்தை மாற்றணும், ஒரு மைக்கோபிளாஸ்மா கிருமி புகுந்தால் மாதக்கணக்கில் செய்தது குப்பைக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் எல்லாருக்கும் 37,000 இல்லை, அதைத்தான் காலையிலிருந்து கத்துகிறேன்.

வெள்ளைக்கோட்டு தம்பி:
இன்டர்ன்ஷிப்பில் எங்களுக்கு வருவது அதைவிடக் குறைவு. நாங்கள் கத்துகிறோமா?

வில்லுக்குறி வாசி:
இப்போது கத்திக்கொண்டுதானே இருக்கிறீர்.

ஆசாரிபள்ளம் அக்கா:
எம்.பி.பி.எஸ். வேண்டுமா வேண்டாமா, அதை மட்டுமாவது சொல்லுங்களேன்.

குழித்துறை ராஜா:
அக்கா, தைரியமாகச் சேர்த்துவிடுங்கள், 37,000 வரும். அரசு உத்தரவே என்னிடம் இருக்கிறது, போடட்டுமா?

வில்லுக்குறி வாசி:
போடும். அதில் "எல்லாருக்கும்" என்ற வரி எத்தனையாவது பக்கம் என்றும் சேர்த்துப் போடும்.

குழித்துறை ராஜா:
நாளைக்கு மச்சினனையே இங்கே கூட்டி வருகிறேன், அவன் வாயால் கேளும்.

வில்லுக்குறி வாசி:
தாராளமாகக் கூட்டி வாரும். வருவதற்கு முன்னால் அவருடைய ஃபெல்லோஷிப் கடிதத்தில் எந்தப் பரீட்சையின் பெயர் இருக்கிறது என்று ஒருதடவை பார்த்துவிட்டு வரச் சொல்லும்.