யூபி எக்ஸ்பிரஸ்ல சனம் கூடினது விலையாலயோ ரயிலாலயோ?

கேள்வி: ரொறன்ரோ விமான நிலைய ரயில் யூபி எக்ஸ்பிரஸ் 2015இல தொடங்கேக்க, நகர நடுவில இருக்கிற யூனியன் ஸ்டேசன்ல இருந்து பியர்சன் விமான நிலையத்துக்கு 27.50 டொலர், பெட்டியெல்லாம் வெறிச்செண்டு ஓடினது, இப்ப நல்ல சனம். விலை குறைச்சதாலதானோ?

பதில்: ஓம் அண்ணை, அதுதான். ரயில் முதல் நாளே நல்ல ரயில், 25 நிமிசம், 15 நிமிசத்துக்கு ஒண்டு, சூட்கேஸ் வைக்க இடம், வைஃபை எல்லாம் இருந்தது, ஆனா ரெண்டு பேராப் போனா கிட்டத்தட்ட டாக்ஸிக் காசு வந்திடும், பிறகு ஆர் ஏறுறது? 2016 மார்ச்சில 12 டொலர், பிரெஸ்டோ எண்ட பயண அட்டைக்கு 9 எண்டு இறக்கினாப்பிறகுதான் சனம் வந்தது, வழியில ரயில் நிக்கிற வெஸ்டன் பக்கத்து ஆக்கள் வேலைக்குப் போகவும் பாவிக்கினம்.

இன்னொரு பதில்: விலையை மட்டும் சொல்லாதேங்கோ. நகரத்தின்ர கிழக்குப் பக்கம் ஸ்கார்பரோவில இருந்து ரெண்டு சூட்கேஸோட யூனியனுக்குப் போறதே பெரிய பாடு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் காரிலதான் போறனான்.