புது பிக்கப், மூணு நாள் நின்னா பேட்டரி இறங்குது

அண்ணன்மாரே, டீசல் பிக்கப், ஒன்றரை டன். எடுத்து 4 மாசம், 9,000 கி.மீ. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு.

மூணு நாள் சும்மா நின்னா செல்ஃப் எடுக்கல. பேட்டரியைச் சார்ஜ் போட்டுச் செக் பண்ணியாச்சு, 12.6 வோல்ட், நல்லாருக்கு. வெளிக் கடையில பாட்டு செட்டும் ரிவர்ஸ் கேமராவும் மாட்டினேன். ஷோரூம்ல அதான் காரணம்னு கையை விரிச்சுட்டாங்க.

சாவியை எடுத்து, கதவெல்லாம் பூட்டி, அரை மணி நேரம் விட்டு, பேட்டரி நெகட்டிவ் வயர்ல மீட்டர் வச்சேன்: வண்டி சும்மா நிக்கும்போதே 0.6 ஆம்பியர் இழுக்குது. 0.05-க்குள்ள இருக்கணும். செட், கேமரா ரெண்டு பியூஸையும் புடுங்கினேன், 0.55. உள்ளே இருக்கற மத்த பியூஸ்களைப் புடுங்கியும் இறங்கல.

அதனால ஆல்டர்நேட்டர் (ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் பண்றது) மேல சந்தேகம். அதுக்குள்ள கரண்ட்டை ஒரு பக்கமா மட்டும் விடற டயோடு கசிஞ்சா இவ்வளவு இழுக்குமா, அதை வீட்லயே எப்படி உறுதி செய்யறது?